படிக்கட்டுக் கடல்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மூன்று பேருக்கு ஓர் அநியாயம் நடந்தது.

கதை என்றால் ராஜாவின் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே அது நடக்காது. ராஜா கொஞ்சம் காத்திருக்கட்டும். அநியாயம் யாருக்கு நடந்ததோ, அவர்கள் பெயர்தான் முதலில்.

மலைச்சீமையில் மாதி. இருபது வயது. பச்சிலைச் சாற்றையும் அடுப்புக்கரியையும் வைத்துப் பாறைகளில் படம் வரைகிறவள். கடற்சீமையில் சிங்காரன். படகுகளின் முகப்பில் கண்ணும் அலையும் தீட்டுகிறவன். தேரிச்சீமையில் உடையாள். தேரி என்றால் செம்மணல் காடு. நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. காற்று தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்திருக்கும். அந்தச் செம்மண்ணையே குழைத்து வீட்டுச் சுவர்களில் சித்திரம் எழுதுகிறவள் அவள்.

மாதியின் மலையிலிருந்து அருவியைத் திருடினார்கள். சிங்காரனின் கரையிலிருந்து அலையைத் திருடினார்கள். உடையாளின் தேரியிலிருந்து சுனையைத் திருடினார்கள். திருடியதோடு விட்டார்களா? திருட்டுப் பட்டத்தை அந்த மூன்று பேர் தலையிலேயே கட்டினார்கள்.

எப்படி என்று கேளுங்கள்.

மணிமாடபுரம் என்ற தலைநகரத்தில் சகலபூபதி என்று ஒரு ராஜா. (இப்போது வரலாம் அவர்.) அவருக்கு வெயில் ஆகாது. வண்டிப் பயணம் ஆகாது. வெளியூர்த் தண்ணீர் ஆகவே ஆகாது. ஆனால் நாடு முழுக்க வேண்டும். இருந்த இடத்தை விட்டு எழாமல் நாட்டை அனுபவிக்க ஒரு வழி சொல்லக்கூடியவர் உண்டா என்று பறை அறைவித்தார். "உண்டு மகாராஜா" என்று வந்து நின்றான் பிம்பராயன் என்ற மந்திரவாதி. அவனும் மணிமாடபுரத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தவன் அல்ல. அதனால் இரண்டு பேருக்கும் நன்றாகப் பொருந்திப்போயிற்று.

பிம்பராயன் மூன்று சீமைக்கும் ஆள் அனுப்பினான். ஆளுக்கொரு வெண்பட்டு, ஆளுக்கொரு வெள்ளிப்பூண் தூரிகை. "உங்கள் ஊரில் எது அழகோ அதை வரைந்து கொடுங்கள். அரண்மனையில் மாட்டுவோம்."

வரைகிறவர்களிடம் இப்படிச் சொன்னால் மறுப்பார்களா? மாதி பதினோரு நாள் அருவிக்கு எதிரே உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பாறையில் மோதி எந்தப் பக்கம் தெறிக்கிறது என்பதுவரை வரைந்தாள். சிங்காரன் அலை எழும்பி மடங்கும் இடத்தில் நுரையைத் துளித்துளியாக வைத்தான். உடையாள் சுனையின் அடியில் மணல் கொதிப்பதுபோல் ஊற்று குமிழியிடுவதை வரைந்தாள். ஊரார் கூடிப் பார்த்து "அப்படியே இருக்கு, அப்படியே இருக்கு" என்றார்கள். அந்த 'அப்படியே'தான் வினையாகப் போயிற்று.

படங்கள் அரண்மனை சேர்ந்தன. பிம்பராயன் அவற்றின் முன்னால் நின்று மூன்று தரம் கூப்பிட்டான்.

"மண்ணே வா, நீரே வா, வரைந்தபடி வந்து சேர்!"

மலையில் அருவி நின்றுபோயிற்று. பாறை மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கடலில் அலை நின்றுபோயிற்று. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்போலக் கடல் படுத்துவிட்டது. கிளம்பிய படகுகள் கிளம்பிய இடத்திலேயே நின்றன. தேரியில் சுனை இருந்த குழியில் பல்லி ஓடியது.

மலைக்காரர்கள் மாதி வீட்டு வாசலில் கூடினார்கள்.

"நீதானே வரைஞ்சே? நீயே கொண்டா!"

கடற்கரைக்காரர்கள் சிங்காரனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீதானே வரைஞ்சே? நீயே கொண்டா!"

தேரிக்காரர்கள் உடையாளை வழிமறித்தார்கள்.

"நீதானே வரைஞ்சே? நீயே கொண்டா!"

இதில் யார்மேல் குற்றம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தூரிகை கொடுத்தவனை விட்டுவிட்டார்கள், பிடித்தவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள்மேல் கோபப்படுவது சுலபம். தூரத்தில் இருக்கிறவன்மேல் கோபப்பட வேண்டுமென்றால் முதலில் நடக்க வேண்டும்.

மூன்று பேரும் நடந்தார்கள். மாதி வடக்கேயிருந்து ஏழு நாள், சிங்காரன் கிழக்கேயிருந்து ஐந்து நாள், உடையாள் தெற்கேயிருந்து ஒன்பது நாள். முன்பின் தெரியாத மூன்று பேரும் ஒரே காலையில் அரண்மனைப் படியில் மோதிக்கொண்டார்கள்.

"தள்ளுங்க அண்ணே. நான் என் அருவியைக் கேக்க வந்திருக்கேன்" என்றாள் மாதி.

"அருவியா? மலையில நிறைய இருக்கும், இன்னொண்ணு பாத்துக்கோ தாயி. எனக்குக் கடலே படுத்துக் கெடக்கு" என்றான் சிங்காரன்.

"ரெண்டு பேரும் நவுளுங்க. நான் ஒம்பது நாளா நடந்து வாரேன். உங்க ஊர்லயாவது குடிக்கத் தண்ணி மிச்சம் இருக்கு" என்றாள் உடையாள். அவளுக்கு நாற்பது வயது. குரலுக்கு அதைவிட அதிகம்.

இப்படியே பேசிப்பேசி, மூவர் கையிலும் ஒரே மாதிரி வெள்ளிப்பூண் தூரிகை இருப்பதை மூவரும் பார்த்தார்கள். சண்டை நின்றது. சேர்ந்தே உள்ளே போனார்கள்.

சபையில் அவர்கள் கண்டது இதுதான். சுவரில் மாதியின் பட்டு. அதிலிருந்து அருவி நிஜமாகவே கொட்டிக்கொண்டிருந்தது; ராஜா அதில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிங்காரனின் பட்டு. அலை வந்து வந்து ராஜாவின் ஊஞ்சலை ஆட்டிவிட்டுப் போனது. மூன்றாவது பட்டில் சுனை. பட்டத்து யானை அதில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. மூன்று படத்தின் அடியிலும் கரிய மையில் ஒரே பெயர்: பிம்பராயன்.

"அது நான் வரைஞ்சது!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அப்படியா? உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?" என்றான் பிம்பராயன். கோபமே இல்லை அவனுக்கு. கோபப்படவே தேவையில்லாதவர்களின் குரல் ஒன்று இருக்கிறதே, அந்தக் குரல்.

"ஐயா, எங்க ஊர்ல தேனீ எல்லாம் பறந்து போயிடுச்சு. கீழே நாத்து காயுது. அருவியைத் திருப்பிக் குடுங்க" என்றாள் மாதி.

"பெண்ணே, தண்ணீர் காட்டில் வீணாக விழுந்துகொண்டிருந்தது. இப்போது பயன்படுகிறது. இதெல்லாம் பெரிய விஷயம். உங்களுக்கு வரைய மட்டும்தான் தெரியும். மற்றது எங்களுக்குத் தெரியும்" என்றான் பிம்பராயன்.

சபை சிரித்தது. மாதிக்கு ஆயிரம் பதில் இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வீடு திரும்பியபிறகுதான் நல்ல பதில் தோன்றும் என்பது உங்களுக்கும் தெரியும்தானே? அவள் வீடு திரும்பவில்லை. அதனால்தான் இந்தக் கதையே இருக்கிறது.

ராஜா ஊஞ்சலிலிருந்து ஒரு விரலை நீட்டினார். "இவர்கள் நன்றாக வரைகிறார்கள், பிம்பராயரே. துண்டு துண்டாக எதற்கு? முழு நாட்டையும் வரையச் சொல்லும். மலை முழுக்க, கடல் முழுக்க, தேரி முழுக்க. ஆட்களோடு."

பிம்பராயன் பெரிய சட்டத்தில் முப்பது முழத் துணி ஒன்றை இழுத்துக் கட்டி, சபை நடுவில் நிறுத்தினான். "மூன்று நாள். மூன்று பேரும் சேர்ந்து வரையுங்கள். வரைந்தால் உங்கள் அருவியும் அலையும் சுனையும் திரும்பக் கிடைக்கும். வரைய மாட்டோம் என்றால், இந்த மூன்று பட்டையும் அடுப்பில் போடுவேன். அருவி, அலை, சுனை எல்லாம் சாம்பல்."

வரைந்தால் நாடே போகும். வரையாவிட்டால் தண்ணீர் போகும். இதற்குப் பெயர்தான் அரண்மனைத் தயவு.

சபை கலைந்தது. மூவரும் வெற்றுத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"தப்பும் தவறுமா வரைஞ்சு வச்சா என்ன?" என்றாள் மாதி.

"நல்ல யோசனை" என்று சிங்காரன் தூரிகையை எடுத்தான். ஒரு கோணல் அலை வரையப் பார்த்தான். கை கேட்கவில்லை. இருபது வருஷமாக அலை தீட்டிய கை. கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாலும் அலை அலையாகவே வந்தது. அவசரமாக அழித்தான். மாதி ஒரு கோணல் மலை வரைந்தாள். அவள் வீட்டுப் பின்னால் இருக்கும் மலை வந்து நின்றது. அவளும் அழித்தாள். உடையாள் தூரிகையைத் தூக்கியே பார்க்கவில்லை. "என் கை பொய் சொல்லாது. சொல்லச் சொன்னா வெரல் வலிக்கும்" என்றாள்.

அப்போது அருவிப் படத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் வால் எங்கே, மாதி?"

படத்தின் ஓரப் பாறையில் ஒரு வாலாட்டிக் குருவி. அது படத்தை விட்டுப் பறந்து வந்து துணிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து, வாலை ஆட்டியது. ஒருமுறை, இருமுறை, மும்முறை.

"வால்தான் இருக்கே உனக்கு" என்றாள் மாதி திகைத்து.

"எனக்கு இருக்கு. நீ வரைஞ்சதுல இல்லை!"

"நீ ஒரு நொடி சும்மா இருந்தாத்தானே வாலை வரைய முடியும்? ஆட்டிக்கிட்டே இருந்தே. சரி, அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டேன், மறந்துபோச்சு."

"மறந்ததுக்குக் கோடி புண்ணியம். அந்தப் பிம்பராயன் 'வரைந்தபடி வந்து சேர்'னு கூப்பிட்டான். என் உடம்பு படத்துக்குள்ளே போச்சு. வால் போகலை, வெளியவே நின்னுச்சு. வாலைப் பிடிச்சு என்னை நானே வெளியே இழுத்துக்கிட்டேன். இங்கே என்னைத் தவிர எதுக்கும் விடுதலை இல்லை. எல்லாத்தையும் நீங்க அவ்வளவு சரியா வரைஞ்சு வச்சிருக்கீங்க!"

பிம்பராயன் ராஜாவிடம் சொன்னபோது கேட்ட ரகசியத்தையும் குருவி சொன்னது. படம் ஒரு பூட்டு. உள்ளது உள்ளபடி இருந்தால்தான் பூட்டு விழும். அடியில் எழுதுகிற பெயர் சாவி. பெயர் யாருடையதோ, படத்தில் உள்ளது அவர் சொன்னபடி கேட்கும். மூன்றாம் முறை கூப்பிட்டு முடித்த பிறகுதான் பெயர் எழுத முடியும்.

"அப்போ சரியில்லாம வரையணும்" என்றான் சிங்காரன். "ஆனா நமக்கு அது வராது."

உடையாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணாச்சி, எங்க தேரியை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"ஏட்டி மாதி, நீ கடலைப் பாத்திருக்கியா?"

"எங்கே அக்கா பாக்க? மலையை விட்டு எறங்கினதே இப்பத்தான்."

"நான் மலையைப் பாத்தது கெடையாது. எங்க ஊர்ல ஒசரமா நிக்கது பனையும் எங்க மாமியாரும்தான்." உடையாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மாதி கடலை வரையட்டும். அண்ணாச்சி தேரியை வரையட்டும். நான் மலையை வரையுதேன். பொய் சொல்ல வேண்டாம். மனசாரத்தான் வரையணும். என்ன, நமக்கு ஒரு எழவும் தெரியாது, அவ்வளவுதான்."

"பிம்பராயன் கண்டுபிடிச்சுட்டா?" என்றான் சிங்காரன்.

மாதி முதல் தடவையாகச் சிரித்தாள். "எப்படிண்ணே கண்டுபிடிப்பான்? கடலைப் பாத்திருக்கானா? தேரியில நடந்திருக்கானா? மலை ஏறியிருக்கானா?"

மூவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். வரைகிறவர் கேள்வி கேட்கலாம். ஊர்க்காரர் பதில் சொல்லலாம். ஆனால் வரைகிறவர் நினைப்பதையோ துணியில் விழுந்ததையோ ஊர்க்காரர் திருத்தக் கூடாது. படம் வரைகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முதல் நாள் காலை மாதி கடலைத் தொடங்கினாள்.

"கடல் எவ்வளவு பெரிசுண்ணே?"

"கண்ணு போற தூரம் வரைக்கும் தண்ணி."

"அவ்வளவு தண்ணி எப்படி ஓடிப் போகாம நிக்குது?"

சிங்காரனுக்கு அதை யாரும் அதுவரை கேட்டதில்லை. "நிக்குது. அவ்வளவுதான்" என்றான்.

மாதிக்கு அது போதவில்லை. மலையில் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் படிப்படியாக வெட்டி வரப்புக் கட்ட வேண்டும். இதுகூடத் தெரியாமல் கடலா நிற்கும்? அவள் கடலைப் படிப்படியாக வரைந்தாள். அறுபது படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு வரப்பு. மேல்படி நிரம்பிக் கீழ்ப்படிக்கு வழிகிற இடத்தில் அலை. படகுகளை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். சிங்காரன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் சிங்காரன் தேரியை எடுத்தான்.

"மேடு நகரும்னு சொன்னியே உடையா, எவ்வளவு தூரம் போகும்?"

"காத்து விட்ட தூரம்."

"அப்போ நங்கூரம் எங்கே போடுவீங்க?"

உடையாள் வாயைத் திறந்தாள். விதி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். சிங்காரன் ஒவ்வொரு மணல்மேட்டுக்கும் ஒரு நங்கூரம் வரைந்தான். மேட்டின் உச்சியில் செந்நுரை வைத்தான். பனைமரங்களில் பாய் கட்டினான். பனையேறி ஒருவர் உச்சியில் நின்று சுக்கான் பிடித்தார். "எங்க சின்ன மாமனாரு மாதிரியே இருக்காரு, பாவம்" என்று உடையாள் முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் உடையாள் மலையில் இறங்கினாள்.

"அருவி எங்கேருந்து வரும்?"

"மேலேருந்துக்கா."

"மேலேருந்தா? போடி! தண்ணி கீழேருந்துதான் வரும். மணலுக்குள்ள இருந்துதான் தண்ணி எந்திரிக்கும்."

"அக்கா, விதி..."

"விதி உனக்குத்தான். எனக்கில்லை." உடையாள் அருவியை அடிவாரத்திலிருந்து மேலே ஏறவிட்டாள். அது பாறை பாறையாகத் தாவி உச்சிக்குப் போயிற்று. காற்று மலையை அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று சுற்றிலும் ஓலைவேலி கட்டினாள். மாதி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் பார்த்தாள். அழகாக இருந்தது என்பதுதான் அவளுக்கு அதிகக் கோபம்.

மூன்றாம் நாள் மதியம் ராஜா வந்து பார்த்தார். துணியின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"நாடு இருக்கிறது. நான் எங்கே?"

பிம்பராயன் கொஞ்சம் தயங்கினான். "மகாராஜா, இது வெளியூர்களை அழைக்கிற படம். இந்தப் படத்தில் நாம் எதற்கு..."

"நாட்டின் நடுவில் ராஜா இல்லாமலா? என் அரண்மனை வேண்டும். என் சபை வேண்டும். என் பக்கத்தில் நீரும் நில்லும்."

பிம்பராயன் யோசித்தான். அரண்மனை ஏற்கெனவே இங்கேதானே இருக்கிறது? எங்கிருந்து எங்கே வரப் போகிறது? மலை ஓர் இடம், கடல் ஓர் இடம், தேரி ஓர் இடம். மணிமாடபுரம் இடமா என்ன? அது எல்லா இடத்துக்கும் நடு. தலைநகரத்தில் இருக்கிறவர்களுக்கு இப்படி ஓர் எண்ணம் உண்டு. தாங்கள் நிற்பது மட்டும் மண்மேல் இல்லை என்று. அவன் மீசையைத் தடவிக்கொண்டு ராஜாவின் பக்கத்தில் நின்றான்.

உடையாள் மற்ற இருவரையும் பார்த்தாள். மூவரும் சேர்ந்து, நேரில் பார்த்து வரையக் கிடைத்த ஒரே இடம் இதுதான். மூன்று நாளாக இந்தத் தூண்களுக்கு நடுவில்தானே உட்கார்ந்திருந்தார்கள்!

"நல்லா நிமுந்து உக்காருங்க மகாராசா" என்றாள்.

"அசையாம இருங்க. ஒரு மச்சத்தைக்கூட விட மாட்டோம்" என்றான் சிங்காரன்.

"காவலாளிங்க, சமையக்காரங்க, யானை, இவங்களையும் போடவா?" என்று மாதி கேட்டாள்.

"வேலையாட்கள் எதற்கு? இடத்தை அடைக்காதே!" என்றார் ராஜா.

"உத்தரவு" என்றாள் மாதி. யாரையும் போடவில்லை. சுவரில் தொங்கிய மூன்று பட்டுகளையும் போடவில்லை. அதை ராஜா கவனிக்கவில்லை. தன் மூக்கைத்தான் கவனித்தார்.

இப்போது மூன்று கையும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை தூணும், அத்தனை தோரணமும், ராஜாவின் இரட்டை நாடியும், பிம்பராயனின் இடப்புருவ மச்சமும், உள்ளது உள்ளபடி, அப்படியே.

சாயங்கால வெயில் சபையில் விழுந்தபோது பிம்பராயன் மைக்கூட்டோடு துணியின் முன்னால் வந்து நின்றான். ஒரு கணம் படிக்கட்டுக் கடலையும், நங்கூரம் போட்ட மணலையும், ஏறுகிற அருவியையும் உற்றுப் பார்த்தான்.

"ம். கடல் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டினான். எப்போதும் அறிந்தவன்போல.

முதல் தரம் கூப்பிட்டான். "மண்ணே வா, நீரே வா, வரைந்தபடி வந்து சேர்!"

மந்திரம் மலைச்சீமைக்குப் போயிற்று. ஏறுகிற அருவியும் ஓலைவேலியும் உள்ள மலையைத் தேடியது. அப்படி ஒரு மலை இல்லை.

இரண்டாம் தரம் கூப்பிட்டான். மந்திரம் கடற்சீமைக்குப் போயிற்று. அறுபது படி இறங்கித் தேடியது. அங்கே ஒரு படிகூட இல்லை. தேரிச்சீமைக்குப் போயிற்று. நங்கூரம் போட்ட ஒரு மேடுகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் தரம் கூப்பிட்டான், தொண்டை கிழிய. "வரைந்தபடி வந்து சேர்!"

வரைந்தபடி இருந்தது உலகத்திலேயே ஒன்றுதான். தூண்கள் ஆடின. தோரணம் சுருண்டது. சிம்மாசனம் கிறீச்சிட்டுக்கொண்டு துணியை நோக்கி நகர்ந்தது. "பிம்பராயரே, என்ன நடக்கிறது?" என்று கேட்ட ராஜா, கேள்வி முடிவதற்குள் படத்தில் இருந்தார். பிம்பராயன் தூரிகையை மையில் தோய்த்து, தன் பெயரை எழுதக் கையை நீட்டினான். முதல் எழுத்து விழவில்லை. முதலில் கை போயிற்று, பிறகு மீசை, கடைசியில் அந்த மச்சம்.

அரண்மனை இருந்த இடத்தில் வெட்டவெளி. நடுவில் துணிச் சட்டம் மட்டும் நின்றது. படத்தில் வரையப்படாதவர்கள் எல்லாரும், காவலாளிகள், சமையற்காரர்கள், யானை, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சமையற்காரர் ஒருவர் கையில் கரண்டியோடு, "அப்போ இனிமே ராத்திரிச் சாப்பாடு யாருக்கு?" என்றார்.

"உங்களுக்கு" என்றாள் உடையாள்.

மூவரும் பெரிய துணியின் அடியில் தங்கள் பெயரை எழுதினார்கள். மாதி, சிங்காரன், உடையாள். பிறகு தரையில் கிடந்த மூன்று பட்டுகளை எடுத்தார்கள். உடையாள் முந்தானையைச் சுனையில் நனைத்து, அந்தக் கரிய பெயரைத் தேய்த்தாள். ஒரு தேய்ப்பில் போகவில்லை. இரண்டு தேய்ப்பில் போகவில்லை. மூன்றாம் தேய்ப்பில் போயிற்று. அந்த இடத்தில் அவரவர் பெயரை அவரவர் எழுதி, மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"மண்ணே போ, நீரே போ, இருந்தபடி போய்ச் சேர்!"

அருவி மலைக்கு ஓடியது, அலை கரைக்கு ஓடியது, சுனை மணலுக்குள் குதித்தது. மூன்று பட்டும் வெறும் வெண்பட்டாயின. குருவி மாதியின் தோளில் உட்கார்ந்தது.

"இப்போ உன் வாலை வரையட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"உன் வேலையைப் பார்" என்றது குருவி.

ஊர் திரும்பியபோது மலைக்காரர்கள் எல்லை வரைக்கும் வந்தார்கள். மாதியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "நீதானே வரைஞ்சே!" என்றார்கள். அதே வாய், அதே சொல். மாதி இறங்கிக்கொண்டாள். "முதல்ல போன தடவை சொன்னதுக்கு மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் தூக்கலாம்." கேட்டார்கள். பிறகு தூக்கினார்கள். சிங்காரனும் உடையாளும் தங்கள் ஊரில் அதையேதான் செய்தார்கள்; பேசி வைத்திருந்தார்கள்.

அதன்பிறகு அந்த நாட்டில் ராஜா வைக்கவில்லை. மூன்று சீமை ஆட்களும் வருஷத்துக்கு ஒரு தரம் அந்த வெட்டவெளியில் கூடி, பேச வேண்டியதைப் பேசினார்கள். பெரிய துணி அங்கேயே நின்றது. கடற்கரைப் பிள்ளைகள் படிக்கட்டுக் கடலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலைக்காரர்களோ, கடல் இப்படித்தான் இருக்க வேண்டும், இருப்பதுதான் சரியில்லை என்று வாதாடினார்கள்.

துணிக்குள்ளே ராஜா அறுபது படியையும் ஏறி ஏறி இறங்கினார். பிம்பராயன் ஏறுகிற அருவியில் குடிக்க வாய் வைத்தால், தண்ணீர் மேலே போய்விடும். பாய் கட்டிய பனையில் சாய்ந்தால், சுக்கான் பிடிப்பவர் "தள்ளி நில்லும்" என்பார்.

முதல் வருஷக் கூட்டத்துக்கு மூவரும் வந்து துணியின் முன்னால் நின்றபோது, உள்ளேயிருந்து பிம்பராயன் ஓடி வந்தான். மீசை கலைந்திருந்தது.

"இதெல்லாம் பொய்! இது கடலே இல்லை! இது மலையே இல்லை! எங்கே போனாலும் வழி புரியவில்லை. சாவி உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் படத்தை எப்படியாவது சரி செய்யுங்கள். எங்களை வெளியே விட ஏதாவது வழி சொல்லுங்கள்!"

சிங்காரன் உடையாளைப் பார்த்தான். உடையாள் மாதியைப் பார்த்தாள். போன வருஷம் இதே இடத்தில் வாய்க்கு வராத பதில் அவளுக்கு இப்போது வந்தது.

"எங்களுக்கு வரைய மட்டும்தான் ஐயா தெரியும்" என்றாள் மாதி. "மற்றது உங்களுக்குத் தெரியுமே!"